எட்டாம் மாடியிலிருந்து இறங்கிய நாற்காலி

பிரச்சாரச் சட்டையைத் துவைத்து மடித்து வைத்துவிட்டீர்களா? கொடியை எல்லாம் அவிழ்த்தாயிற்றா? கம்பத்தில் கட்டிய கயிறு அப்படியே கிடக்கும், அதையும் அறுத்துக்கொண்டு வாருங்கள். மழையில் நனைந்து தொங்கினால் பார்க்கச் சகிக்காது. சரி, இப்போது உட்காருங்கள். மகளிர் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் அஞ்சலைப் பாட்டி என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல நம் கிளைச் செயலாளர் பிள்ளை எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே போட்டால் அச்சில் நன்றாக இருக்காதாம், கொஞ்சம் திருத்தித் தருகிறாளாம். திருத்தட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இந்தத் தடவை ஜெயித்துவிட்டோம். அதனால்தான் எனக்குக் கொஞ்சம் பயம். தோற்றவர்கள் அடுத்து என்ன என்று யோசிப்பார்கள். ஜெயித்தவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். ஆகவே நாம் தோற்ற தேர்தலைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நான் அப்போது இந்தக் கிளையின் மகளிர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் இவ்வளவு மோசமில்லை.

தேர்தல் முடிந்த வாரம் இருக்கிறதே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தைப்பூசத்துக்கு ரதம் போன மறுநாள் காலையில் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? உடைத்த தேங்காயை எல்லாம் லாரி வந்து அள்ளிக்கொண்டு போயிருக்கும். தார் மட்டும் ஈரமாகக் கிடக்கும். தேங்காய்த் தண்ணீர் வாசனை காற்றில் புளித்துக்கொண்டிருக்கும். ஆள் இல்லாத ரோட்டின் நடுவில் புறா நடந்து போகும், அதற்கே சொந்தமான ரோடு மாதிரி. இந்த வாரமும் அப்படித்தான். ஒலிபெருக்கி வண்டி போய்விடும். இத்தனை நாள் காதில் விழாத கப்பல் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டில் அம்மி இல்லை, மிக்சிதான், அந்தச் சத்தம்கூட இனிமையாகக் கேட்கும். காலில் செருப்பு இருப்பதே தெரியாமல் நடப்பேன். தோற்ற வாரத்தில்கூட அப்படி நடந்திருக்கிறேன். என் மகன் திட்டுவான், தோத்துட்டு சிரிச்சிக்கிட்டுத் திரியுறீங்களேம்மா என்று.

அந்த வாரத்தில் நமக்கு ஒரு வேலை உண்டு. பாத்திரம் திருப்பிக் கொடுப்பது.

புதுப் பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். நம் கிளையில் பிரச்சாரத்துக்குக் கடையில் சாப்பாடு சொல்கிற பழக்கம் இல்லை. தேர்தல் வேலை நடக்கிற நடவடிக்கை அறையில் பிள்ளைகள் ராப்பகலாக உட்கார்ந்திருப்பது தெரிந்தால் வீடுகளிலிருந்து சாப்பாடு தானாக வரும். ஒரு வீட்டில் மீ கோரேங், ஒரு வீட்டில் புளிச்சோறு, ஒரு வீட்டில் கொண்டைக்கடலை. கொண்டுவந்து வைத்தவர்கள் நின்று பேசக்கூட மாட்டார்கள், வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஓட்டு எண்ணி முடிந்த பிறகு பார்த்தால் அறை மூலையில் சட்டியும் குண்டானும் பிளாஸ்டிக் டப்பாவும் மலை மாதிரி குவிந்து கிடக்கும். அதைக் கழுவி, துடைத்து, வெறும் பாத்திரமாகக் கொடுக்காமல் உள்ளே இரண்டு வாழைப்பழமோ ஒரு கை சீனியோ போட்டு, வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

எனக்கு இதைப் பழக்கியவர் ஓர் அக்கா. பேர் சொல்ல மாட்டேன். பேர் போடுவது அவருக்குப் பிடிக்காது, பேனரில்கூடப் போட விடமாட்டார். தலை நிறைய மல்லிகை வைத்து, அதற்கு மேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டுவார். வந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினால் பூ அப்பளம் மாதிரி தட்டையாக இருக்கும். இருந்தும் ஒருநாள் பூ வைக்காமல் வந்ததில்லை. அவர்தான் சொன்னார்:

"கையில நோட்டீஸ் இருந்தா ஜன்னல்தான் தொறப்பாங்க அஞ்சல. கையில அவங்க சட்டி இருந்தா கதவையே தொறந்துருவாங்க. உள்ள போய் ஒக்காரு. ஓட்டப் பத்தி வாயே தொறக்காத."

நான் வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் அந்த வாரம் மட்டும் காதைத்தான் திறந்து வைப்பேன். பிரச்சாரத்தில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். எல்லாம் நல்லாருக்கு என்பார்கள், இல்லாவிட்டால் எல்லாம் மோசம் என்பார்கள். சட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு உட்காரும்போதுதான் மருமகள் பேசாததும், பிள்ளை வேலை இல்லாமல் இருப்பதும், குளியலறை மேல்தளம் ஒழுகுவதும் வெளியே வரும்.

அந்தத் தடவை நம் வேட்பாளர் தீபா. வக்கீல் ஆபீசில் வேலை பார்த்த பிள்ளை, முதல் தேர்தல். கொஞ்சத்தில் தோற்றாள். கொஞ்சத்தில் தோற்பதுதான் ரொம்ப வலிக்கும். இரண்டு நாள் வீட்டை விட்டு வரவில்லை. மூன்றாம் நாள் கண் வீங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சட்டி தேய்க்க ஆரம்பித்தாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. தேய்க்கத் தெரியாமல் தேய்த்தாள், அதையும் சொல்லவில்லை.

எல்லாப் பாத்திரத்தையும் பிரித்துவிட்டோம். ஒவ்வொரு வீட்டாரும் சட்டியின் அடியில் நகப்பூச்சால் ஓர் அடையாளம் வைத்திருப்பார்கள், கோயில் சமையலுக்குக் கொடுக்கும்போது மாறிப்போகக் கூடாது என்று. புள்ளி வைத்த வீடு, கோடு போட்ட வீடு என்று எனக்கு மனப்பாடம். ஒரு பெரிய அலுமினியச் சட்டி மட்டும், மூடியோடு, மிஞ்சியது. அடியில் சிவப்பில் சின்னதாக ஒரு சிலுவை. கழுவும்போதே யோசித்தேன். நம் அடுக்குமாடி பிளாக்கில் சிலுவை போடுகிறவர்கள் எட்டாம் மாடி ஜெசிந்தா வீடுதான். ஆனால் அந்த வீட்டுக் கிரில்லில் தேர்தல் முழுக்க நம்மை எதிர்த்து நின்ற கட்சியின் கொடி பெரிதாகத் தொங்கியது. கீழே நின்று பார்த்தாலே தெரியும். நம் பையன்கள் அந்தக் கதவைத் தட்டவே இல்லை. அங்க போவாதீங்க, அது அவங்க வீடு என்று எனக்கும் சொன்னார்கள்.

"வா, போய்க் குடுத்துட்டு வருவோம்" என்றேன் தீபாவிடம்.

"அவங்க வீட்டுக்கா பாட்டி? இந்த வாரமா?"

"சட்டி அவங்களதுலா. நம்மகிட்ட இருக்கலாமா?"

லிஃப்டுக்குப் போனால் லிஃப்ட் செத்துக் கிடந்தது. நம் பிளாக்கில் இரண்டு லிஃப்ட். ஒன்று எப்போதோ நின்றுபோனது. இன்னொன்று வாக்களிப்பு முடிந்த மறுநாள் நின்றுவிட்டது, அதற்கும் களைப்பு போலிருக்கிறது. சாமான் வர வேண்டும் என்று ரிப்பேர்காரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். படியில் ஏறினோம். நான் ஒவ்வொரு மாடியிலும் நிற்பேன். இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் கருவாடு பொரிக்கும் வாசனை. நாலாம் மாடியில் யாரோ சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் சத்தம். ஆறாம் மாடி நடைபாதையில் காயப்போட்ட துணிகள் எல்லாம் ஒரே பக்கம் பறந்தன, அதற்கு நடுவில் கடல் தெரிந்தது, கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் மங்கலாக. தீபா அங்கேயே நின்றுவிட்டாள். இங்கே ஒரு தடவைகூட நின்று பார்க்கவில்லையே பாட்டி, கும்பிட்டுக் கும்பிட்டு ஓடினோம் என்றாள். எனக்கு மூச்சு வாங்கியது.

ஜெசிந்தா கதவைப் பாதி திறந்தாள். சட்டியைப் பார்த்ததும் முழுசாகத் திறந்தாள்.

"எங்களுக்கு ஏம்மா சோறு குடுத்தனுப்புன? ஒன் கிரில்ல அவங்க கொடிதான தொங்குது."

"கீழ பசங்க தொண்ட கட்டிப்போய் கத்திக்கிட்டு இருந்தாங்கக்கா. எந்தக் கட்சின்னு பாக்கல. கொடி எங்கேர்ந்தோ பறந்து வந்து வாசல்ல விழுந்துச்சு. மத்தியான வெயிலு அவரு மூஞ்சில அடிக்குதுன்னு கட்டி வுட்டேன். மெல்லிசா இருக்கா, காத்தும் வருது."

உள்ளே பார்த்தேன். கொடி வழியாக வெயில் வந்து சுவர், தரை, மேசை எல்லாம் அதன் நிறமாக இருந்தது. அந்த நிறத்துக்குள் அவள் புருஷன் லூர்து அண்ணன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. மூச்சு மேலேயே நின்று நின்று வந்தது.

பிள்ளைகளே, இங்கேதான் கொஞ்சம் கவனியுங்கள். நம் ஆட்கள் அந்த வீட்டுக்குப் போகவில்லை, கொடி அவர்களுடையது என்று. அவர்கள் ஆட்களும் போகவில்லை, கொடி தங்களுடையதாயிற்றே, ஓட்டு வந்துவிடும் என்று. தேர்தல் முழுக்க அந்த பிளாக்கில் யாருமே தட்டாத கதவு அது ஒன்றுதான். இப்போது நான் எந்த வேட்பாளருக்கும் இதைத்தான் சொல்வேன், கொடி கட்டிய வீட்டுக்கு முதலில் போ.

விஷயம் இதுதான். லூர்து அண்ணனுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள் வேன் வந்து அழைத்துப் போய் டயாலிசிஸ் செய்து கொண்டுவந்து விடும். லிஃப்ட் நின்றதால் திங்கட்கிழமை போகவில்லை. அன்றைக்குப் புதன்கிழமை. இன்றைக்கும் போகாவிட்டால் தாங்காது என்று நர்ஸ் போனில் சொல்லியிருந்தாள். மத்தியானம் வேன் வரும். அவர் வர மாட்டேன் என்கிறார்.

ஏன் என்று கேட்டேன். திங்கட்கிழமை பக்கத்து வீட்டார் நல்ல மனசோடு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தூக்கினார்களாம். கோணலாகப் பிடித்து, அவர் சரிந்து, வேட்டி விலகி, ஒரே கூச்சல். அதை ஒருத்தன் போனில் படம் பிடித்துச் சோகப் பாட்டு சேர்த்து பிளாக் குரூப்பில் போட்டுவிட்டான். ஏழாம் மாடியிலேயே என்னைத் திருப்பிக் கொண்டுபோங்கள் என்று சொல்லி மேலே வந்துவிட்டார்.

"சிம்பாங் அம்பாட்ல எம் மவ அதப் பாத்துட்டு அழுவுறா" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்தார். "என்னைய என்னா, கட்டில் பீரோவா? நான் போவல அஞ்சல. இங்கயே இருந்துக்கிறேன்."

ஜெசிந்தா சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் அங்கே ஒன்றும் செய்யவில்லை, சும்மா நின்றாள். எனக்குத் தெரிந்தது.

அதற்குள் தீபாவின் போன் அடித்தது. நான் அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தபோதே அவள் நம் பையன்களுக்குத் தகவல் சொல்லியிருக்கிறாள், தூக்க ஆள் வேண்டுமே என்று நல்லதுக்குத்தான். கட்சி மேலிடத்தில் இருந்து பேசினார்கள். சத்தமாகப் பேசுகிற ஆள், எனக்கும் கேட்டது. அங்கேயே இருங்கள், இறக்குவதை நேரலையாகப் போடுங்கள், ஜெயித்த மக்கள் பிரதிநிதி, அந்தப் புதிய வைபி, பதவிக்கு வந்த முதல் வாரமே ஊர் சிரிக்கட்டும் என்றார்கள். வெளியே வந்தால் சேகர் படியில் நிற்கிறான். அவன் ஜெயித்த கட்சியின் இளைஞர் பிரிவு, இதே பிளாக்கில் மூன்றாம் மாடி, கோயில் பல்லக்குத் தூக்குகிற நல்ல உடம்பு. அவனுக்கும் தகவல் போயிருக்கிறது. அவன் கையிலும் போன். வைபி சார்பில் உதவிக்கு வந்திருக்கிறோம் என்று ஒரு படம் வேண்டுமாம். நம் பையன்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். படிக்கட்டில் நின்று யார் கட்சி லிஃப்டைப் பாழாக்கியது என்று ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே ஒருத்தர் மூச்சுக்கு அல்லாடுகிறார்.

எனக்கும் ஆசை வந்தது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது. தோற்ற எரிச்சல் இன்னும் ஆறவில்லை. தீபா சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"படம் போட்டா லிஃப்ட் சீக்கிரம் சரியாவும் பாட்டி. இல்லன்னா இப்படியே வுட்டுருவாங்க."

"லிஃப்ட படம் எடு" என்றேன். "அது வெக்கப்படாது. எத்தன வேணும்னாலும் எடு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சட்டியிலிருந்த வாழைப்பழத்தை எடுத்து ஜெசிந்தாவின் மேசையில் வைத்துவிட்டு, வெறும் சட்டியை தீபா முன்னால் நீட்டினேன். அந்தப் போனில்தான் அவள் அடுத்த தேர்தலே இருந்தது, எனக்குத் தெரியாமலில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் போனைச் சட்டிக்குள் வைத்தாள். நம் பையன்களும் வைத்தார்கள். சேகர் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வைபிக்கு ஒரு படமாச்சும் அனுப்பணும் பாட்டி. கேப்பாரு."

"லிஃப்ட் ஓடுறப்ப அனுப்புடா. அவருக்கு அதுதான் அழகு."

தலையைச் சொறிந்துகொண்டே வைத்தான். மூடியைப் போட்டு ஜெசிந்தா கையில் கொடுத்தேன்.

இப்போது லூர்து அண்ணன். போன் இல்லை என்று சொல்லியும் அவர் முகம் அசையவில்லை. பயம் போனால் வெட்கம் போய்விடுமா? சுவரைப் பார்த்தேன். அங்கே ஒரு பழைய படம். புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவில் அன்னம்மாள் சொரூபத்தைத் தோளில் தூக்கி வருகிறார்கள், சுற்றி எல்லார் கையிலும் மெழுகுவர்த்தி. முன் மூலையில் மீசை வைத்த வாலிபர், இவர்தான். அவர் அக்கரையில் மாக் மண்டினில் இரும்புப் பட்டறையில் வேலை பார்த்தவர், காலையில் ஃபெர்ரியில் போய் மாலையில் ஃபெர்ரியில் வருவார். அந்தத் தோள் அப்படி இருந்தது. எனக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்தது, அதைக் கேட்டேன்.

"அண்ணே, இந்தப் பசங்களுக்குப் படியில தூக்கத் தெரியாது. சொரூபத்த படியில எப்படி எறக்குவீங்க? முன்னாடி சாயாதா?"

அவரும் அந்தப் படத்தைப் பார்த்தார். கொடியின் நிறம் அவர் கன்னத்தில் ஏறி இறங்கியது, வெளியே காற்று.

"ஒசரமானவன் கீழ்ப்படியில நிக்கணும்" என்றார். "குட்டையா இருக்கிறவன் மேல. மாத்தி நின்னா அம்மா சாஞ்சிருவாங்க."

"அப்புறம்?"

"ஒருத்தன்தான் கொரல் குடுக்கணும். ஆளாளுக்குக் கத்துனா காலு பின்னிக்கும்."

"யாரு குடுப்பா? தூக்குறவனா?"

"தூக்குறவனுக்கு எங்க மூச்சு இருக்கும். கூட நடக்குறவன்."

"அப்ப நீங்க குடுங்க."

"நான் ஒக்காந்து வர்றவன்லா."

"ஒங்களுக்குத்தான் கோணுதா இல்லையான்னு மொதல்ல தெரியும்."

அவர் சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. வாசலில் நிற்கிற பையன்களைப் பார்த்தார். ஆள் எடுக்கிற மேஸ்திரி மாதிரி பார்த்தார். சேகரைக் கீழே நிற்கச் சொன்னார். நம் பையன் ஒருத்தன் ஒல்லி, அவனை வேண்டாம் என்று கையாட்டிவிட்டார், எதிர்வீட்டுச் சீன அண்ணனைக் கூப்பிடச் சொன்னார். பிளாஸ்டிக் நாற்காலி ஆகாது, கைப்பிடி வைத்த மர நாற்காலியைக் கொண்டுவா என்றார். ஜெசிந்தா தன் சேலை ஒன்றைக் கொண்டுவந்து இடுப்போடு சேர்த்து நாற்காலியில் கட்டினாள். சட்டைப் பித்தானையும் போட்டுவிட்டாள். அவர் சீப்புக் கேட்டார். தலை வாரிக்கொண்டார். அப்புறம்தான் கிளம்பினோம்.

இறங்கினதை எப்படிச் சொல்வேன்? எனக்கு அது கனவு மாதிரிதான் ஞாபகம் இருக்கிறது. அவர் குரல் சின்னதாக இருந்தது, ஆனால் எல்லாரும் பேசாமல் இருந்ததால் படிக்கட்டு முழுக்கக் கேட்டது. எறக்கு. நில்லு. எறக்கு. நில்லு. சீன அண்ணன் மட்டும் தனக்குத்தானே மலாயில் பெலான், பெலான், மெதுவா மெதுவா என்று சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் ஜெசிந்தா சட்டியோடு. சட்டிக்குள் போன்கள் மாறி மாறி அடித்தன, ஒன்று அதிர்ந்தது, ஒன்று பாடியது, யாரும் எடுக்கவில்லை. ஆறாம் மாடியில் ஒரு மலாய்க்காரப் பெண் கதவைத் திறந்தாள். பார்த்தாள். உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து நாற்காலிக்கு அடியில் வைத்தாள், அவர்கள் கை ஆற. ஒவ்வொரு மாடியாகக் கதவுகள் திறந்தன. யாரும் பாவம் என்று சொல்லவில்லை. ஊர்வலம் வரும்போது வாசலில் நிற்போமே, அப்படி ஒதுங்கி நின்றார்கள். ஒரு சின்னப் பிள்ளை கும்பிட்டுவிட்டது. அவரும் கையைத் தூக்கினார்.

நாலாம் மாடியில் அவர் குரல் நின்றது. கண்ணை மூடிக்கொண்டார். உதடு கறுத்தது. ஆம்புலன்சுக்கு போன் போடுவோம் என்று தீபா சட்டியின் மூடியைத் திறக்கப் போனாள். மேலே ஏறுவதா, கீழே போவதா, அங்கேயே வைத்துக் காத்திருப்பதா? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் என்ன டாக்டரா? ஆனால் ஒன்று தெரிந்தது, அவசரப்பட்டால் யாராவது கால் தவறுவார்கள். வையுங்கள் என்றேன். நடைபாதைக் காற்று அவர் முகத்தில் படுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பி வைக்கச் சொன்னேன். நிமிர்த்தி உட்கார வைத்தோம். ஜெசிந்தா அவர் நெற்றியைத் துடைத்தாள். கடல் பளபள என்று கிடந்தது. ஃபெர்ரி ஒன்று அந்தக் கரைக்குப் போய்க்கொண்டிருந்தது, போகிறதா நிற்கிறதா என்று தெரியாத மெதுவில். அவர் கண் திறந்து அதையே பார்த்தார். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அந்த இடத்தைவிட்டுப் போகவே மனசில்லை, அவ்வளவு பயத்திலும்.

"ம்" என்றார் கடைசியில். "எறக்கு."

அப்போதுதான் தீபாவுக்கு வேன் ஞாபகம் வந்தது. வேன்காரருக்கு இன்னும் நோயாளிகள் இருப்பார்கள், காத்திருக்க மாட்டார். எல்லார் போனும் சட்டிக்குள். ஜெசிந்தா தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டாள். நம்பர் அதில்தான் இருக்கிறது. சேகர் நாற்காலியை ஒல்லிப் பையனிடம் மாற்றிவிட்டுப் படியில் தாவித் தாவி ஓடினான். நாங்கள் இரண்டாம் மாடி வந்தபோது கீழே அவன் குரல் கேட்டது. அண்ணே நில்லுங்க, வர்றாரு, வர்றாரு என்று. எட்டிப் பார்த்தேன். கிளம்பிவிட்ட வேனுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறான், ஜெயித்த கட்சிச் சட்டையோடு. வேன்காரர் ஹாரன் அடித்துத் திட்டுகிறார். அவன் நகரவில்லை. அந்த நேரத்தில் என் மகனாக இருந்தால்கூட அவ்வளவு பிடித்திருக்காது.

அண்ணனை ஏற்றிவிட்டோம். வேன் போனது. அவரவர் போனை எடுத்துக்கொண்டார்கள். தீபா போய் லிஃப்டைப் படம் எடுத்தாள். மூடிய கதவு, தொங்குகிற காகிதம், பாதி எரிகிற விளக்கு. அதைப் போட்டாள், கீழே கோபமாக எதையோ எழுதினாள், என்ன என்று எனக்குத் தெரியாது. மேலிடத்திலிருந்து திட்டு விழுந்தது, அது தெரியும். சேகரையும் அவன் ஆட்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

ஆனால் எனக்கு அன்றைக்கு ராத்திரியே வேறு கவலை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை மறுபடி வேன் வருமே? லிஃப்ட் சாமான் இன்னும் வரவில்லை. புதன்கிழமை எல்லாரும் வந்தார்கள், சரி. அன்று ஓர் ஆவேசம் இருந்தது. வெள்ளிக்கிழமை ஆவேசம் இருக்காது. கொடி இறங்கிவிட்டது, படம் எடுக்கக் கூடாது என்று நானே சொல்லிவிட்டேன், வேலைக்குப் போகிற பையன்கள் எதற்கு வருவார்கள்? கட்சி வேலையில் இதுதான் கஷ்டமான இடம் பிள்ளைகளே. முதல் தடவை ஆள் சேர்ப்பது ஒன்றும் பெரிதில்லை. இரண்டாம் தடவைதான் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மழை. தீபா ஆபீசில் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வந்தாள். நம் பையன் ஒருத்தன் போனை எடுக்கவில்லை. சேகர் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. சரி, நானும் நீயும் ஜெசிந்தாவுமாகப் பார்ப்போம் என்றேன், வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஏறினோம். சேகர் வீடு மேற்குப் பக்கம், அதனால் அந்தப் பக்கத்துப் படியிலேயே ஏறினோம். நான் எங்கேயும் நிற்கவில்லை. கடலைப் பார்க்கவில்லை, மழையில் கடலே இல்லை.

எட்டாம் மாடி. கதவு சாத்தியிருந்தது. தட்டினோம். யாரும் திறக்கவில்லை. ஜன்னல் கிரில் வழியாக எட்டிப் பார்த்தேன். ஜன்னல் பக்கம் வெறும் தரை. அவரும் இல்லை, நாற்காலியும் இல்லை. தீபா என் கையைப் பிடித்தாள். ராத்திரி ஏதாவது ஆகிவிட்டதா, யாரிடம் கேட்பது என்று திரும்பினேன்.

அப்போது கேட்டது. புதன்கிழமை நாங்கள் இறங்கிய அந்தப் பக்கத்துப் படிக்கட்டில், ரொம்பக் கீழே, மூன்றாம் மாடியோ இரண்டாம் மாடியோ. மழைச் சத்தத்துக்கு நடுவில்.

எறக்கு. நில்லு. எறக்கு.

புதன்கிழமையைவிடக் குரல் பெரிதாக இருந்தது. நடுவில் யாரையோ திட்டினார், ஒன் ஒசரத்துக்கு மேல் படியில என்னாடா வேலை என்று. சேகர் ஏதோ சொன்னான், பலபேர் சிரித்தார்கள். எத்தனை பேர் என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாத குரல்கள்கூட இருந்தன.

தீபா ஓடப் பார்த்தாள். நான் அவள் கையை விடவில்லை.

"நம்மள கூப்புடவே இல்ல பாட்டி" என்றாள்.

"ஆமாலா" என்றேன். சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. "ஒக்காரு."

இரண்டு பேரும் ஈரப் படியில் உட்கார்ந்தோம். குரல் இன்னும் கீழே போனது, சின்னதாகிக்கொண்டே போனது. அப்புறம் வேன் கதவைச் சாத்துகிற சத்தம் எட்டாம் மாடி வரைக்கும் வந்தது.